ஏழாம் பாகத்தை வாங்கலாமா?

கேள்வி: ஹாரி பாட்டர் ஆறு பாகங்கள் எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. கடைசிப் பாகத்தில் சாவு அதிகம், வேண்டாம் என்கிறார்கள் சிலர். வாங்கலாமா?
— ஒரு வாசகி, பொட்டிபுரம்

பதில்: கட்டாயம் வாங்குங்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பதினாறைக் கடந்தபின் பிள்ளைகளை இறக்கிவிடுவார்களா?

சாவு அதிகம்தான். முதல் அத்தியாயத்திலேயே ஓர் ஆசிரியை கொல்லப்படுகிறார், சித்திரவதையும் வருகிறது. ஆனால் எந்தச் சாவையும் கதை வேடிக்கையாக்கவில்லை. இறந்துபோன நண்பன் டாபிக்குக் குழி வெட்டும்போது ஹாரி மந்திரக்கோலைத் தொடுவதில்லை, மண்வெட்டியை எடுக்கிறான். துக்கத்தை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் சிறுவர் நூல்கள் குறைவு. காட்டில் கூடாரம் போட்டு அலையும் பகுதி இழுவை. 19 ஆண்டுகள் தாவும் கடைசி அத்தியாயம் எனக்கு ஒட்டவில்லை. அதற்காக நூலை ஒதுக்க மாட்டேன்.

முதல் பாகத்தில் ஹாரிக்குப் பதினொன்று, ஏழாவதில் பதினேழு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் பாகம், ஒன்பதுக்கு மேல் ஏழாவது என்று கொடுங்கள். அவசரப்படும் பிள்ளையிடம் படித்தபின் பேசுங்கள்.

பக்கத்திலேயே பொன்னியின் செல்வனையும் வையுங்கள். அதன் ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயம்! அப்படியும் வாசகர்களின் கேள்விகள் தீராமல், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது.

பணம் மிஞ்சினால் ஹாரியின் முதல் பாகத்தில் இன்னொரு பிரதி வாங்குங்கள். முதலில் கிழிவது அதுதான்.