முட்டி தேயுமா?

கேள்வி: வயது 70. வாக்கிங் போனால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறாள் மனைவி. போகாவிட்டால் சர்க்கரை ஏறும் என்கிறார் டாக்டர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சைக் கேளுங்கள், மனைவியையும் கூட அழைத்துப் போங்கள். நடந்தால் தேய, முட்டி என்ன செருப்பா? மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. நீங்கள் காலை மடக்கி நீட்டும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய்வந்துதான் அதற்குச் சாப்பாடு. சாய்வு நாற்காலியே கதியென்று கிடந்தால் அது பட்டினி.

முட்டியின் உண்மையான மெய்க்காப்பாளர் தொடைத் தசை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். பாத விரல்கள் உங்களைப் பார்க்கட்டும். 5 எண்ணி மெல்ல இறக்குங்கள். காலுக்குப் 10 முறை. சீரியல் விளம்பர இடைவேளைக்குள் முடிந்துவிடும், மிச்ச நேரமும் இருக்கும்!

வலி இருக்கும் நாளில் சம்மணமும் குந்தி உட்காருவதும் வேண்டாம். நடந்து முடித்து 2 மணி நேரமாகியும் வலி அடங்காவிட்டால், மறுநாள் தூரத்தைக் குறையுங்கள். வீங்கிச் சுட்டால் தைலம் தேடாமல் டாக்டரிடம் போங்கள்.

ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறையும். திரும்பும் வழியில் டீக்கடை போண்டா உண்டா? அதைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, உங்கள் மனைவியும் சொல்லவில்லை!