விதிப்படி மனம் உடைக

ஜெர்மனிக்கு வந்து அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு, காம்பில் ஒரு கட்டிலும் பூட்டில்லாத ஒரு அலுமாரியும் கிடைத்துவிட்டது, இனியாவது ஆறுதலாக மனம் உடையலாம் என்று நினைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்த நாட்டில் பைத்தியம் பிடிப்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு. அசூல் கோருவோர் உதவிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி மருத்துவம் கிடைக்கும். ஆனால் திடீரென்று வந்த நோய்க்கும் வலிக்கும்தான். பல் வலித்தால் பிடுங்கிவிடலாம். மனத்தைப் பிடுங்கும் குறடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது ஒன்றே சட்டத்துக்குள்ள சங்கடம். ஆகவே, உங்கள் தம்பியை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போன இரவு போன வாரம் நடந்திருந்தால் உங்களுக்கு வசதி. பத்து வருடத்துக்கு முந்தையது என்றால் அது நாட்பட்ட விவகாரம். நாட்பட்டதற்கு 6-ஆம் பிரிவு இருக்கிறது. உடல்நலத்தைக் காக்க இன்றியமையாதது என்று பட்டால் சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கலாம். யாருக்குப் பட வேண்டும்? சோசியல் அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு. உங்கள் கெட்ட கனவு இன்றியமையாததா என்பதை அவர் கோப்பைப் பார்த்துச் சொல்வார்.

எத்தனை நாளைக்கு இப்படி? 2019-இல் இந்தக் காத்திருப்பு 15 மாதத்திலிருந்து 18 மாதமானது. 2024 பிப்ரவரியில் 36 மாதமானது. மூன்று வருடம் கழிந்தபின் நீங்கள் மற்றவர்களைப் போல முழு மருத்துவம் பெறத் தகுந்த மனிதர். அதுவரை நோய் உங்களுக்காகக் காத்திருக்கும். அதற்கு வேறு வேலை இல்லை.

இந்தச் சட்டம் பிறந்த ஊர் பான். அரசியல் காரணங்களால் துரத்தப்பட்டவர்களுக்கு அசூல் உரிமை உண்டு என்று ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தில் ஒற்றை வரி இருந்தது. 1993 மே 26 அன்று அந்த வரியைச் சுற்றி நிபந்தனைகளால் வேலி அடைத்த நாடாளுமன்றம் அப்போது பானில்தான் கூடியது. பத்தாயிரம் பேர் அளவில் திரண்டு அரசு வளாகத்தை மறித்ததால், உறுப்பினர்கள் பலர் ரைன் ஆற்றில் படகேறியும் ஹெலிகாப்டரில் இறங்கியும் வாக்களிக்க வந்து சேர்ந்தார்கள். படகேறி வருகிறவர்களை எப்படி வெளியே நிறுத்துவது என்று முடிவெடுக்கப் படகேறி வந்த நாடாளுமன்றம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆதரவு 521, எதிர்ப்பு 132. புதிதாகக் கட்டிய கண்ணாடி மண்டபத்தில் ஒலியமைப்பு செயலிழந்து, அவை பழைய நீரேற்று நிலையக் கட்டடத்துக்குத் திரும்பியிருந்த காலம் அது. வெளியே கத்திய பத்தாயிரம் பேரின் குரல் உள்ளே கேட்காததற்கு அந்த ஒலியமைப்பைக் குறைசொல்ல முடியாது. மூன்று நாள் கழித்து, சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் செத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 1-இல் நம் உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அன்று நிர்ணயித்த தொகையை ஒரு சதமும் உயர்த்தாமல் பத்தொன்பது வருடம் காத்தார்கள். மனித மாண்பைக் குடியேற்றக் கொள்கைக்காகக் குறைக்க முடியாது என்று 2012 ஜூலையில் அரசியல்சாசன நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தொகை உயர்ந்தது. 4-ஆம் பிரிவு அசையவில்லை.

நாடாளுமன்றம் பெர்லினுக்குப் போய்விட்டது. பான் இப்போது அருள் பாலிக்கும் ஊர். உறுப்பினர்களின் அலுவலகம் இருந்த உயர்ந்த கட்டடத்தில் ஐ.நா. நிறுவனங்கள் இருக்கின்றன. வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சின் முதல் இருப்பிடம் இன்னும் இந்த ஊர்தான். அந்த அமைச்சுக்காக வெளிநாடுகளில் வேலை செய்யும் ஜிஐஇசட் நிறுவனத்துக்கும் இங்கே தலைமையகம் உண்டு. சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் சிதறியவர்களுக்கு மனநல, உளசமூக ஆதரவு எப்படிக் கொடுப்பது என்று இவர்கள் 2018-இல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டார்கள். ஜோர்டானிலும் லெபனானிலும் வடக்கு ஈராக்கிலும் ஜெர்மன் பணத்தில் வேலை நடந்தது. அதைக் கேலி செய்ய மாட்டேன். நல்ல வேலை. இந்தத் துறையில் 2007-லிருந்து சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட பாலபாடம் ஒன்று உண்டு, ஒரு கூம்பாக வரைந்து காட்டுவார்கள். அடித்தட்டில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும். அதன்மேல் குடும்பமும் ஊரும். அதற்கும் மேல் பயிற்சி பெற்ற ஒருவரின் ஆதரவு. உச்சியில் சிறிய முனையாக மட்டும் மனநல மருத்துவர். கீழ்த்தட்டுகள் சரியாக இருந்தால் பெரும்பாலானோருக்கு உச்சி தேவைப்படாது.

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது நம் ஊர் வழக்கு. அதில் குறைந்தபட்சம் பிள்ளையும் தொட்டிலும் ஒரே வீட்டில் இருக்கும். இவர்கள் பிள்ளையை இங்கே கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஜோர்டானில் ஆட்டுகிறார்கள்.

கிள்ளுவது எப்படி என்று பார்ப்போம். ஜெர்மன் காம்ப் மனத்தைக் கெடுப்பது நிர்வாகக் கோளாறு என்று சிலர் நினைக்கிறார்கள். பாவம். எண்பதுகளின் தொடக்கத்தில் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநில முதல்வராக இருந்த லோதார் ஷ்பேத், எங்கள் மாநிலத்துக்கு வந்தால் முகாமில்தான் கிடக்க வேண்டும் என்று ஆப்பிரிக்காவில் முரசு அடித்துச் சொல்லட்டும் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அந்தக் காலத்தில் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கே நுழைந்த எங்கள் ஆட்களுக்கு அந்த முரசு நன்றாகக் கேட்டது. வேலை செய்யத் தடை, மாவட்ட எல்லையைத் தாண்டத் தடை, சாப்பாடு பொட்டலத்தில். பயமுறுத்துவதற்காகக் கட்டிய இடத்தில் போய், இங்கே எனக்குப் பயமாக இருக்கிறது என்று முறையிட்டால், நன்றி, திட்டம் வேலை செய்கிறது என்றுதான் பதில் வரும்.

இன்றைய திட்டம் இன்னும் நேர்த்தியானது. நாடுகடத்தும் நாளை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று 2015-இல் விதி செய்தார்கள். 2024-இல், தேடப்படுபவர் தன் அறையில் இல்லையென்றால் காம்பின் மற்ற அறைகளுக்குள்ளும் போலீஸ் நுழையலாம் என்றார்கள். அதாவது, உங்கள் கோப்பு பத்திரமாக இருந்தாலும் பக்கத்து அறைக்காரரின் கோப்புக்காக விடிய முன் உங்கள் கதவு திறக்கலாம். சீருடை கதவைத் திறக்கும் சத்தத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அதே சத்தம். மருத்துவக் காத்திருப்பை 36 மாதமாக நீட்டியதும் இதே சட்டம்தான். தூக்கத்தைக் கெடுக்கும் விதியும் தூக்கமின்மைக்கு மருந்து தராத விதியும் ஒரே தாளில். காகிதச் சிக்கனம்.

காத்திருப்பு மனத்தை என்ன செய்யும் என்பது ரகசியமில்லை. நெதர்லாந்தில் அசூல் கேட்ட ஈராக்கியர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களில் 42 விழுக்காட்டினருக்கு மனநோய் இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களில் அது 66 விழுக்காடு. சதாம் ஈராக்கில் செய்து முடிக்காமல் விட்டதைக் காத்திருப்பு அறை செய்து முடித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு மனவடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். நாடுகடத்தலுக்கு உடல்நலம் தடையில்லை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று காட்டும் சுமை உங்களுடையது. 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, சான்றிதழ் மருத்துவரிடமிருந்து வர வேண்டும். உங்களோடு ஒரு வருடம் உட்கார்ந்து, நீங்கள் சொல்ல முடியாததைச் சொல்லவைத்த உளவியல் சிகிச்சையாளரின் கடிதம் செல்லாது. தாமதமின்றித் தரவும் வேண்டும். சித்திரவதையை உடனே பேசாதவனுக்கு அது நடந்திருக்காது என்பது சட்டத்தின் மனோதத்துவம். 2019-இல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. நோயின் லத்தீன் பெயரோ, உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் அதற்குள்ள குறியீடோ எழுதியிருக்க வேண்டும். முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் பிள்ளையைப் புதைத்த தாய் எஃப் 43.1 என்று அழத் தெரிந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் பான் எப்போதும் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. பழைய நாடாளுமன்றத்தின் பக்கத்தில் பெரிய மாநாட்டு மண்டபம் கட்டுவதற்கு, பெயரில் ஹூண்டாய் என்று இருந்த ஒரு முதலீட்டு நிறுவனத்தை, அந்தக் கார் நிறுவனத்தோடு தொடர்புடையது என்று எண்ணி நகராட்சி நம்பியது. தொடர்பும் இல்லை, பணமும் இல்லை. 2009-இல் கட்டடம் பாதியில் நின்றது. 2015-இல்தான் திறந்தார்கள். லத்தீன் பெயர் கேட்டிருக்கலாம்.

போகட்டும், நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள் என்றே வைப்போம். அப்போதும் சட்டத்தில் இரண்டு வசனம் காத்திருக்கிறது. திருப்பி அனுப்பும் நாட்டின் மருத்துவம் ஜெர்மன் மருத்துவத்துக்கு நிகராக இருக்க வேண்டியதில்லை. அந்த நாட்டின் ஏதோ ஒரு பகுதியில் கிடைத்தாலும் பொதுவாகப் போதும். இலங்கைத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளிநொச்சிக்காரருக்குக் கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல மருத்துவமனை இருக்கிறது. 'அங்கொடைக்குப் போக வேண்டிய ஆள்' என்று நாம் பகிடியாகச் சொன்னதை இவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிகிச்சை தருகிறவர்கள் இல்லாமல் இல்லை. பானுக்குப் பக்கத்து ஊரான கொலோனில் காரித்தாஸ் அமைப்பு 1985 முதல் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான மையம் நடத்துகிறது. இப்படி நாடு முழுக்கச் சில டஜன் உளசமூக மையங்கள் இருக்கின்றன. தேவைப்படக் கூடியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூட எட்ட முடியவில்லை என்று அவற்றின் கூட்டமைப்பு வருடம் தவறாமல் அறிக்கை எழுதுகிறது. அரசும் வருடம் தவறாமல் பெற்றுக்கொள்கிறது. 2023-இல் மத்திய அரசு இந்த மையங்களுக்கு ஒதுக்கியது சுமார் 1.7 கோடி யூரோ. அடுத்த ஆண்டுக்கான வரைவில் அதைச் சுமார் 70 லட்சமாக வெட்டினார்கள். கூச்சல் எழுந்த பிறகு 1.3 கோடி என்றார்கள். மையத்தில் இருப்பவர்கள் நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் ஒரு பகுதியை அடுத்த வருட விண்ணப்பம் எழுதக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் மனநல ஆதரவு தேவைப்படலாம். அவர்கள் ஜெர்மானியர்கள், அதனால் கிடைக்கும்.

மொழி? மொழிபெயர்ப்பாளருக்குப் பொதுக் காப்பீடு பணம் தருவதில்லை. தருவோம் என்று 2021-இல் மூன்று கட்சிகள் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதின. 2024 நவம்பரில் கூட்டணியே உடைந்தது, வாக்குறுதி தாளில் நின்றது. ஆகவே நான்காம் வகுப்பு படிக்கும் மகனை அழைத்துப் போகிறார்கள். அவனுக்குத்தான் டொச், அதாவது ஜெர்மன் மொழி, வரும். இராணுவம் தன்னை என்ன செய்தது என்று தாய் தமிழில் சொல்ல வேண்டும், அதைப் பிள்ளை டொச்சில் சொல்ல வேண்டும். அவள் சொல்வாளா? தலையிடி என்பாள். தலையிடி திடீர் நோய், 4-ஆம் பிரிவில் வரும். பரசிட்டமோல் கொடுப்பார்கள். புள்ளிவிவரத்தில் இன்னொரு ஆரோக்கியமான அகதி.

எண்பதுகளில் வந்த எங்கள் தலைமுறைக்கு யார் உளவளத்துணை செய்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் செய்தாள். 2002-இல் அவளுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டிக் குடமுழுக்குச் செய்தார்கள். அனுமதிச் சீட்டுக் கேட்கமாட்டாள், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், பட்டியல் கிடையாது. மிச்சத்தைப் பியர் பார்த்துக்கொண்டது. பியர் பார்த்துக்கொண்ட வீடுகளில் மனைவிமாரும் பிள்ளைகளும் எப்படி இருந்தார்கள் என்று யாரும் அறிக்கை எழுதவில்லை.

இலங்கை அரசுக்கு இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு குறைவு. 2009-இல் மூன்று லட்சம் பேர் அளவில் மெனிக் பார்ம் முதலான முகாம்களில் முட்கம்பிக்குள் அடைத்தது. வன்னியில் வேலை செய்ய வந்த அமைப்புகளிடம், கூரை போடு, கிணறு வெட்டு, உளசமூக வேலை மட்டும் வேண்டாம் என்றது ஜனாதிபதி செயலணி. மனம் திறந்து பேசினால் என்ன வெளியே வரும் என்று அதற்குத் தெரியும். போரில் காயப்பட்டது தனித்தனி மனம் அல்ல, குடும்பமும் ஊருமே என்று யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதிக்கொண்டிருந்ததும் அதே காலம். தமிழ்நாடு இன்னும் மென்மையானது. 1983 முதல் வந்தவர்களும் அவர்களுக்குப் பிறந்தவர்களுமாகச் சுமார் 58,000 பேர் முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பலகையை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று மாட்டினார்கள். சில ஊர்களில் புது வீடுகளும் வந்தன, மறுக்கவில்லை. குடியுரிமைதான் வரவில்லை. பெயின்ட் காய்ந்துவிட்டது.

ஜெர்மனி தடை செய்யாது, பெயரும் மாற்றாது. வரிசையில் நிறுத்தும். குடும்பம்தான் மருந்து என்று ஜோர்டானுக்கு எழுதிக் கொடுத்த நாடு, முழு அகதி நிலை இல்லாமல் துணைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்கள் மனைவி பிள்ளைகளை அழைப்பதை 2025 ஜூலையில் இரண்டு வருடத்துக்கு நிறுத்தியது. மனம் வைத்தால் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதையும் பார்த்தோம். உக்ரைனிலிருந்து வந்தவர்களை 2022 ஜூன் 1 முதல் வழக்கமான உதவித்தொகைக்கும் முழு மருத்துவத்துக்கும் மாற்றினார்கள். சரியாகத்தான் செய்தார்கள். அதே ரஷ்ய விமானம் அலெப்போவில் போட்ட குண்டுக்கு மட்டும் ஏன் 36 மாதம் என்று கேட்டால், அது வேறு சட்டம் என்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் ஒருவன் கத்தியை எடுக்கிறான். 2025 ஜனவரி 22 அன்று அஷாஃபன்பூர்க் பூங்காவில் இரண்டு வயதுக் குழந்தையும் தடுக்கப் போன ஒருவரும் செத்தார்கள். குத்தியவன் பலமுறை மனநலச் சிகிச்சைக்குக் கொண்டுபோகப்பட்டு விடுவிக்கப்பட்ட ஆப்கானியன். அந்தக் குழந்தைக்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. நாடாளுமன்றம் ஒரே வாரத்தில் ஐந்து அம்சத் தீர்மானத்தை 348-க்கு 345 என்று நிறைவேற்றியது. எல்லை, காவல், தடுப்பு, நாடுகடத்தல். மனநலச் சிகிச்சைக்கு அதில் ஓர் அம்சம்கூட ஒதுக்கவில்லை. சில வாரம் முன்புதான், மனநோயுள்ள வன்முறையாளர்களுக்குப் பதிவேடு வேண்டும் என்று ஒரு பெரிய கட்சியின் பொதுச்செயலாளர் பேசியிருந்தார். சிகிச்சை பெற 36 மாதம். பதிவேட்டில் பெயர் ஏற ஒரு நிமிடம்.

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது அழகல்ல, ஆகவே ஒரு யோசனை. பான் காம்பில் தூங்க முடியாமல் கிடக்கும் சிரியரை ஜோர்டானுக்கு அனுப்பலாம். அங்கே ஜெர்மன் வழிகாட்டியைப் படித்தவர்கள் அவரை மரியாதையாக உட்காரவைத்துக் கேட்பார்கள். அரபு பேசுவார்கள், மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம். குடும்பத்தோடு இருக்கச் சொல்வார்கள், நம்பிக்கை கொடுப்பார்கள். எல்லாம் பானில் ஒப்புதலான செலவுத் தலைப்பிலேயே அடங்கும். போவதற்கு விமானமும் இருக்கிறது, உள்துறை அமைச்சு ஏற்பாடு செய்யும் விமானங்களில் இருக்கைகள் காலியாகப் போவதாகத்தான் அவர்களுக்கே கவலை. திரும்பி வரும் டிக்கெட்டை யார் போடுவது என்று கேட்டால், பானில் இருக்கும் அமைச்சால் பதில் சொல்ல முடியாது. அது பெர்லின் விவகாரம்.