கப்பலில் கீரை வருமா?

கேள்வி: உலகச் சரக்கெல்லாம் வந்து இறங்கும் போர்ட் கிள்ளானில், எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப் பசுங்கீரை கிடைக்கவில்லையே, ஏன்?
– ஒரு வாசகி, போர்ட் கிள்ளான்

பதில்: கப்பலில் வெங்காயம் வரும், உருளைக்கிழங்கு வரும், கீரை வராதே அம்மா! விடியலில் பறித்தால் மாலைக்குள் சட்டிக்குப் போக வேண்டிய ஜீவன் அது. கேமரன் மலைக் காய்கூட மொத்தச் சந்தையைச் சுற்றித்தான் நம் கைக்கு வருகிறது. அந்தச் சுற்றைக் குறைக்கத்தான் கூட்டரசு விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா 1985இல் பசார் தானியைத் தொடங்கியது. விளைவித்தவரே விற்கும் சந்தை, அருமையான ஏற்பாடு. ஆனால் கார் இல்லாத பாட்டி இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதா? அந்தச் சந்தையின் லோரி ஒன்று அடுக்குமாடி வாசலுக்கே வரட்டும், அதுவும் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில். வந்தால் சொல்லுங்கள், முருங்கைக்கீரைக்கு நானும் வரிசையில் நிற்கிறேன்.