குரோட்டன்ஸ் இலையின் மூலபாடம்: புனே பால்கனிப் பிரதியை முன்வைத்து

குரோட்டன்ஸ் பற்றி இதுவரை யாரும் முழுமையாக ஆராயவில்லை. ஆராய்ந்தவர்கள் இருந்தால், அவர்கள் முழுமையாக ஆராயவில்லை. முழுமையாக ஆராய்ந்தவர்கள் இருந்தால், அவர்களை நான் படிக்கவில்லை. ஆகவே இத்துறையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம்: புனே, கோத்ரூட், மூன்றாம் மாடிப் பால்கனி. ஆய்வுப் பொருள்: சோலாப்பூர் சாலை நர்சரி ஒன்றில் பேரம் பேசி வாங்கிய ஒரு செடி, 27 இலைகளுடன். ஆய்வுக் காலம்: தீபாவளி முதல் மகர சங்கராந்தி வரை. நெறியாளர்: இல்லை. இருந்திருந்தால் செடி இந்நேரம் பட்டுப்போயிருக்கும்.

இயல் 1: பெயர்

ஒற்றைச் செடியையும் நாம் பன்மையில்தான் அழைக்கிறோம். அது மரியாதைப் பன்மை. கிரேக்கத்தில் ‘குரோட்டன்’ என்றால் உண்ணி. மாட்டு உண்ணி போன்ற விதை கொண்ட செடிகளுக்கு வந்த பெயர் அது. 1753-ல் லின்னேயஸ் நம் செடியையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். உண்மையான குரோட்டன் வேறு. நம் நாட்டு மருந்துக் கடையில் ‘நேர்வாளம்’ என்று கேட்டால் கிடைக்கும். அதன் விதை வயிற்றைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிடும். அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ், கண்பார்வை போன பிறகும் விடாமல் முடித்த பெருநூலில் அந்தப் பக்கத்துப் பேச்சுப் பெயரையொட்டி நம் செடியைக் ‘கோடியேயம்’ என்றார். அந்தப் பெயரைப் பேரினப் பெயராகத் தாவரவியலாளர் ஜுசியூ நிலைநாட்டியது 1824-ல். கண்ணில்லாதவர் வைத்த பெயருக்குக் கண்ணுள்ளவர்கள் வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நர்சரிக்காரர்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

என் நண்பர் ஒருவருக்கு இவை எதுவும் சம்மதமில்லை. ‘கூர் ஓட்டன்’ என்ற தூய தமிழ்ச்சொல்தான் கிரேக்கம் போய்த் திரும்பியது என்கிறார். ‘ஸ்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கப்பலில் ஒட்டிய உப்பு என்றார் (நேர்ப்பேச்சு, பக்கோடாவுக்கு முன்). அதற்கப்புறம் கேட்டதற்கு, அது வேறு ஆய்வு என்றார் (மேலது, பக்கோடாவுக்குப் பின்).

இயல் 2: பூ

உண்டு. யாரும் பார்ப்பதில்லை.

இயல் 3: மூலபாடம்

பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊர் இது. 1,259 சுவடிகளை ஒப்பிட்டு, 1919-ல் தொடங்கி 1966-ல் மகாபாரதத்துக்குச் செம்பதிப்பு முடித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு செடிக்கு வெறுமனே தண்ணீர் மட்டும் ஊற்றுவது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே செடியில் ஓர் இலை போல் இன்னோர் இலை இல்லை. இத்தனை பாடபேதம் இருக்க, பதிப்பாசிரியர் மட்டும் இல்லையா?

துறை மாறிப் புகுவதற்கும் இங்கே முன்னோடி உண்டு. இவ்வூர் அறிவியல் கல்லூரியின் முதல்வராக இருந்த தியோடர் குக் அடிப்படையில் பொறியாளர். பம்பாய் மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1901 முதல் 1908 வரை வெளியிட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வேறுபாடு, அவர் செடிகளைப் பற்றித் தெரிந்துகொண்டு எழுதினார்.

ஒவ்வோர் இலைக்கும் நூல் கட்டி, இ1 முதல் இ27 வரை எண் கொடுத்தேன். உச்சியில் பச்சையும் மஞ்சளுமான இலைகளை வடவழிப் பிரதிகள் என்றும், அடியில் சிவந்து கறுத்தவற்றைத் தென்வழிப் பிரதிகள் என்றும் வகுத்தேன். இங்கேதான் சிக்கல். என் செடி ‘பெட்ரா’ வகை. தளிரில் பச்சையும் மஞ்சளும்தான் இருக்கும். வயது ஏற ஏறச் செந்நிறமி சேர்ந்து சிவக்கும். அப்படியானால் சிவப்பு பிற்காலப் பாடம். ஆனால் சிவந்த இலைகள்தாம் மூத்தவை. அதாவது மிகப் பழைய ஏட்டில்தான் மிகப் புதிய இடைச்செருகல் இருக்கிறது! மூன்று இரவு தூங்கவில்லை. நான்காம் இரவு பழகிவிட்டது. பதிப்பாசிரியர்களுக்கும் இப்படித்தான் பழகிவிடும்போல.

இவ்விடத்தில் ஒரு விலகல். நர்சரியில் பக்கத்துத் தொட்டியில் இன்னொரு வகை பார்த்தேன். இலைப்பரப்பு முடிந்த பிறகும் நடுநரம்பு கம்பியாக நீண்டு, நுனியில் குட்டி இலை ஒன்றைத் தொங்கவிடுகிறது. அடிக்குறிப்பைக் கண்டுபிடித்தது பல்கலைக்கழகம் என்ற எண்ணம் இத்துடன் தகர்ந்தது. செடிக்கு ஒரு பாராட்டு: அது அடிக்குறிப்பை மேல் இலையைவிடப் பெரிதாக வளர்ப்பதில்லை. மேலே ஒன்றரை வரியும் கீழே முக்கால் பக்கமும் அச்சிடுகிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பகலில் பால்கனியில் வண்ணம் கண்கூசியதால், தொட்டியை உள்ளே தூக்கிவந்து, மேசைமேல் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, சில நாள் கழித்து வெளியே வைத்து, மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். மார்கழி பிறந்தது. இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர்; குளிர்கால இரவுகளில் 10 பாகைக்குக் கீழேகூட இறங்கும். செடியின் பூர்வீகமோ மலுக்குத் தீவுப் பக்கத்து வெக்கை.

இ4, இ9, இ13 ஆகிய ஏடுகள் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வடவழி முழுவதும் அழிந்தது. சுவடி அழிவுக்குக் காரணம் காண மூன்று கொள்கைகள் எழுந்தன.

முதலாவது, செஞ்சிலந்திக் கொள்கை. காற்று வறண்டால் இலையின் அடியில் பொடிப்பூச்சி மெல்லிய வலை பின்னிச் சாறு உறிஞ்சும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், இல்லை. இரண்டாவது, நீர்க் கொள்கை. இதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. ‘எங்கள் துணி ஏற்கெனவே துவைத்ததுதான், உங்கள் செடித் தண்ணீர் வேண்டாம்’ (பாட்டி, இரண்டாம் மாடி, கருப்புப் பலகையில் வெள்ளைச் சாக்பீஸ், கீழே இரட்டைக் கோடு). பாட்டி என்றால் தமிழ்ப் பாட்டி அல்ல, மராட்டியில் பலகை. குத்தலான அறிவிப்புப் பலகைகளுக்குப் புனே பேர்போனது. இதை நம் பாட்டி என்று நினைத்து, அம்மையார் மராட்டி கற்ற காலம் பற்றி ஒரு பக்கம் எழுதி, பிறகு கிழித்தேன்.

மூன்றாவது கொள்கை: “பச்சப்புள்ளய மாதிரி உள்ளயும் வெளியயும் தூக்கிட்டு அலைஞ்சா கொட்டாம என்னங்க செய்யும்?” (இல்லத்தரசி, சமையலறை வாசல், கையில் கரண்டி, மறுபதிப்பு அன்று மாலையே, தொலைபேசியில் தன் அக்காவிடம், விரிவாக்கப்பட்டது). சான்றுகள் காட்டப்படாததால் இக்கொள்கையை நிராகரித்தேன்.

கடைசியில் எங்கள் குடியிருப்புத் தோட்டக்காரர் மாளி காகாவைக் கூட்டிவந்தோம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. “உயிர் இருக்கு சாஹேப்” என்றார். உச்சியைக் கத்தரித்தார், கசிந்த பால் கையில் பட்டால் அரிக்கும் என்று உடனே கழுவினார். போகும்போது இரண்டே சொல்: “உன்ஹாத் டேவா.”

‘டேவா’வைத் ‘தேவா’ என்று பாடங்கொண்டு, அது செடியை நோக்கிய வழிபாட்டு வாக்கியம் என்று குறித்துவைத்தேன். வெயிலில் வையுங்கள் என்று பொருளாம் (பிழைதிருத்தம், மேற்படி கரண்டி). வெளிச்சம் குறைந்தால் குரோட்டன்ஸ் நிறத்தை விட்டுப் பச்சைக்குத் திரும்பும். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் இலையைக் கொட்டும். காலை வெயில் போதும். சித்திரை உச்சி வெயில் மட்டும் இலையைக் கருக்கும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். இவ்வளவும் காகாவுக்குத் தெரியும். அவர் எங்கும் எழுதவில்லை என்பதால் மேற்கோள் காட்ட வழியில்லை.

சங்கராந்தியன்று நிலவரம்: இலை மூன்று, கணுவில் மொட்டு இரண்டு. செம்பதிப்பு கைவிடப்பட்டது. செடி பால்கனியில் கிழக்கு மூலையில் இருக்கிறது. ஆய்வாளர்கள் வந்து பார்க்கலாம். தொட்டியில் கை வைக்கக் கூடாது. மதியம் 1 முதல் 4 வரை மணி அடிக்க வேண்டாம்.