கறகற அண்ணன்

சபாக் பெர்ணம் முதல் கோலசிலாங்கூர் வரை, தோட்டத்து லயங்களை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த நம்மவர்கள் மத்தியில் தாமானுக்கு ஒரு கறகற அண்ணன் இருக்கிறார். சுங்கை பஞ்சாங் பக்கத்திலும் உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்னால் பழைய ஸ்டீரியோவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு யாராவது போனால், அது அண்ணன் வீட்டுக்குத்தான். அவரை எலக்ட்ரீஷியன் என்றால் கோபம் வரும். கடையும் வைக்கமாட்டார், கடை என்று வைத்தால் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டுமே!

செட்டை உடனே திறக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருகுவார். கற... கற... வலது பக்க ஸ்பீக்கர் ஒருதரம் செத்துப் பிழைக்கும்.

"குமிழு ஒம்பது மணியில நிக்கையில ஒரு புண்ணு, பதினோரு மணியில இன்னொண்ணு. எப்பவும் ஒம்பதுலயே வச்சுக் கேப்பீங்களோ? மாமியார் கூடவே இருக்காங்களா?"

இருக்கிறார்கள்தான். வந்தவர் வாயடைத்துப் போவார்.

குமிழுக்குப் பின்னால் வளைந்த கரித்தடம் ஒன்று; அதன்மேல் வழுக்கி ஓடும் ஓர் உலோக விரல். வால்யூம் என்பது அவ்வளவுதான். கடற்காற்றின் ஈரம், அறுவடைக் காலத்து வயல் தூசி, நாற்பது வருட அழுக்கு எல்லாம் அந்த இடைவெளியில் போய் உட்காரும். அழுக்கை எடுக்க காண்டாக்ட் கிளீனர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுச் சந்தில் ஒரு சொட்டு அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருக வேண்டும். திருகுவது அண்ணன் அல்ல, செட்டுக்காரர். ஒருகாலத்தில் தோட்டத்தையே விரட்டிய ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்ற அதட்டலுக்குப் பயந்து அரைமணி நேரம் திருகிக்கொண்டிருந்தார்.

வீட்டிலேயே டபிள்யூடி-40 அடித்துவிட்டு வந்தவர் தொலைந்தார். அண்ணன் மோந்து பார்த்தே பிடித்துவிடுவார். "கதவுக் கீலுக்கு அடிக்கிறத இதுக்கு அடிச்சா? தண்டுல இருந்த கிரீஸெல்லாம் கரைஞ்சு போச்சே!"

கழுவிய செட்டு ஒரே வாரத்தில் மறுபடி கறகறத்தால் அவருக்கு ஏக சந்தோஷம். "குத்தம் வால்யூமுல இல்ல, அதுக்கு முன்னால நிக்கிறவன்ல." முன்னால் நிற்பது கெப்பாசிட்டர். அது கசிந்து டிசி கரண்ட் உள்ளே வந்தால், கங்கையில் கழுவினாலும் சத்தம் போகாது. இதைச் சொல்லிச் செட்டை இன்னும் இரண்டு மாதம் வைத்துக்கொள்வார்.

ஜப்பான் வால்யூமில் ஏ, பி என்று இரண்டு ரகம். ஏ ரகம் நம் காதுக்கு ஏற்றபடி படிப்படியாக ஏறும். மலிவென்று பி ரகத்தைப் போட்டால் கால் சுற்றிலேயே கூச்சல். மிச்ச முக்கால் சுற்றுக்கு வேலையே இல்லை. கோயில் கமிட்டியில் யார் யார் பி ரகம் என்று அண்ணனிடம் ஒரு பட்டியல் உண்டு. தலைவர் பெயரும் அதில் இருப்பதாகக் கேள்வி.

வீட்டு வரவேற்பறையில் சன்சுய், பயனியர், அக்காய், நேஷனல் எல்லாம் மூடி கழற்றிக் கிடக்கின்றன. எதிலும் ஒரு பாட்டு பல்லவியைத் தாண்டியதில்லை. அதற்குள் குமிழ் திருகப்பட்டுவிடும். அண்ணி மின்னல் எஃப்எம் கேட்பது சமையலறையில், கைப்பேசியில். அண்ணனுக்கு அது இன்னும் ரேடியோ சிக்ஸ்தான்.

கூலி வாங்கமாட்டார். பத்து வெள்ளி நீட்டினால் முகம் சுருங்கிவிடும்; ஒரு தே தாரேக் போதும். செட்டு எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவர் சொன்ன நாளில் முடித்த ஒரே வேலை கோயில் ஆம்ப்ளிஃபயர். திருவிழாவுக்கு முதல்நாளே வெண்ணெயாக வழுக்கியது குமிழ். வந்தது வினை. முன்பெல்லாம் தொட்டாலே நான்கு குழாயும் கறகறவென்று அலறும் என்று பயந்து யாரும் கிட்டப் போகமாட்டார்கள். இப்போது போகிற வருகிற பொடியனெல்லாம் ஒரு திருகு திருகிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் பக்கத்துத் தாமான்காரர்கள் இருவர் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பழையபடியே ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிப்பேருக்கு நான் காசு வாங்குனதே இல்ல. கெடுக்கணும்னா வாங்குவேன்."