வீட்டுக்குள் ஒரு பவணந்தி

சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் மாடித்தோட்டம் போடுகிறார்கள். நான் மொழி செய்கிறேன். செலவு என்று பார்த்தால் கோடு போட்ட நோட்டு ஒன்றும் பேனாவும்தான். ஒலிகள், வேற்றுமை உருபுகள், வினைவிகுதிகள், சொற்பட்டியல் எல்லாம் சேர்ந்து நோட்டு கனத்துவிட்டது. பேசத்தான் ஆள் இல்லை. அந்த 'ஆள் இல்லை'யில் நானும் அடக்கம்.

பழியில் ஒரு பங்கை முதலில் வெளியே தள்ளிவிடுகிறேன். 2015இல் 'பாகுபலி' வந்தபோது அதில் வரும் காலகேயர் என்ற எதிரிக் கூட்டத்துக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்றொரு மொழியை உருவாக்கியிருந்தார். சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று பத்திரிகையில் படித்தேன். தியேட்டரில் எல்லாரும் போரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தக் கர்ஜனையில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். 40 விதிதானே! 1887இல் வார்சாவில் சாமன்ஹோஃப் என்ற கண் மருத்துவர் எஸ்பெராண்டோவை வெறும் 16 விதிகளோடு வெளியிட்டார் என்பதும் தெரியவர, துணிச்சல் தலைக்கேறியது. அந்த 16 எப்படிப் போதுமானதாக இருந்தது என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது. மீதி விதிகளை ஐரோப்பிய வாசகர்கள் அவரவர் தாய்மொழியிலிருந்தே கொண்டுவந்துவிடுவார்கள். குறைவாக இருந்தது அச்சிட்ட விதிதான்.

முதல் சறுக்கல் ஒலிகளில். புது மொழி என்றால் கேட்டதும் தூக்கிவாரிப்போட வேண்டும் என்பது என் கொள்கை. அரபியின் தொண்டையடி ஒலியை எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சு ரகரம் வந்தது. தென்னாப்பிரிக்காவின் ஷோசா மொழியிலிருந்து சொடுக்கொலி, ஜார்ஜிய மொழியிலிருந்து வெடிப்புக் ககரம், போனால் போகிறதென்று நம் ழகரம். கல்யாணப் பந்தியில் இலைக்கு வந்த அத்தனை பதார்த்தத்தையும் ஒரே கவளமாகப் பிசைந்த மாதிரி.

ஷோசாவின் பல்லருகே பிறக்கும் சொடுக்கொலி நமக்கு ஒன்றும் புதிதில்லை. துக்கச் செய்தி கேட்டதும் உச்சுக்கொட்டுகிறோமே, அதே ஒலிதான். நமக்கு அது அனுதாபம். அவர்களுக்குக் ககரம் சகரம் போல அதுவும் ஒரு மெய். இதில் மயங்கிப்போய், 'மகிழ்ச்சி' என்ற சொல்லின் தொடக்கத்திலேயே அதை வைத்தேன். ஒருநாள் காலை காபியும் கையுமாக, சந்தோஷமாக இருக்கிறேன் என்று என் மொழியில் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "யாருங்க போயிட்டா?" என்றாள்.

ஜார்ஜியக் ககரம் இன்னும் மோசம். 2009இல் வந்த 'அவதார்' படத்தின் நாவி மொழியில் பால் ஃப்ராமர் இந்த வகை ஒலிகளைச் சேர்த்திருந்தார். அந்த நீல மனிதர்களுக்கு அது சர்வசாதாரணம். செய்முறை இதுதான்: க் என்று சொல்லப் போகிற நிலையில் அடிநாக்கால் காற்றை அடைத்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் குரல்வளையையும் மூடிவிட வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட கொஞ்சம் காற்றை, குரல்வளையை மேலே தூக்கி அமுக்கிவிட்டு, நாக்கை விடுவித்தால் சுருக்கென்று ஒரு வெடிப்பு வரும். நுரையீரலுக்கு இதில் வேலையே இல்லை. குளியலறையில் பயிற்சி எடுத்தேன். வந்ததெல்லாம் விக்கல். பக்கத்து வீட்டு அம்மா சுவர் வழியே கேட்டிருக்கிறார்; சாருக்குச் சளி கட்டியிருக்கும்போல என்று கற்பூரவல்லி இலை கொடுத்தனுப்பினார். கஷாயத்தைக் குடித்தேன். வேறென்ன விளக்கம் சொல்லி மறுப்பது?

எழுத்துக்கு மட்டும் தமிழே இருக்கட்டும் என்று விட்டேன். அங்கேயும் ஒரு வினை. பஸ்ஸின் பகரமும் பாஸ்போர்ட்டின் பகரமும் என் மொழியில் வேறுவேறு. ஒன்றில் 'பிலா' என்றால் நெருப்பு, மற்றதில் 'பிலா' என்றால் தண்ணீர். நோட்டில் இரண்டும் பிலாதான். கொஞ்ச நாள் கழித்துப் புரட்டியபோது, 'வீட்டில் பிலா, பிலா கொண்டு வா' என்று நானே எழுதிவைத்த எடுத்துக்காட்டு எனக்கே புரியவில்லை. ஸ்தோத்திரப் புத்தகங்களில் எழுத்தின் தலைமாட்டில் 2, 3, 4 என்று எண் போடுவார்களே, அந்த வழியைப் பிடித்தேன். அதன்பின் என் கவிதைகள் அல்ஜீப்ராவாகிவிட்டன.

ஒலிகளைத் திரட்டினால் மட்டும் மொழியாகிவிடாது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் இருந்தார்கள், ஒன்றாம் வகுப்பிலேயே. நம் வல்லினம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெல்லினம் நிற்கிறது: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. நாக்கும் உதடும் எங்கெங்கே பொருந்துகின்றன என்ற கணக்கு அந்த வரிசைக்குள் இருக்கிறது. என் பட்டியலில் வரிசையும் இல்லை, ஜோடியும் இல்லை. 'ஸ்டார் ட்ரெக்' படங்களுக்காகக் கிளிங்கானை அமைத்த மார்க் ஓக்ராண்டும் வரிசையைக் குலைத்தவர்தான். நம் டகரம் போல நாவை மடித்துச் சொல்லும் ஓர் ஒலியை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய எல்லா மொழியிலும் இருக்கிற சாதாரணக் ககரத்தை விட்டுவிட்டார். ஆனால் அவர் மொழியியலில் முனைவர். எதை உடைக்கிறோம் என்று தெரிந்து உடைத்தார். நான் உடைத்தது கைதவறி.

இலக்கணத்தில்தான் எனக்குக் கர்வம் அதிகம். வினை கடைசியில் வரும். பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு 'நாம்', அவரை விலக்கிவைக்க ஒரு 'நாங்கள்'. மொழியியல் படித்த திருநெல்வேலி நண்பரிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார். "ஓய், நம்ம தமிழுக்கே ஒட்டுமீசை வச்சுல்லா கூட்டிட்டு வந்திருக்கீரு!" என்றார். சொல்லை மட்டும் மாற்றி இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொள்வதற்கு இந்தத் துறையில் ரீலெக்ஸ் என்று பெயர். பெயரென்ன, வசவுதான்.

ரோஷத்தில் வெல்ஷ் மொழி போல வினையை முதலில் கொண்டுபோய் வைத்தேன். வாயைத் திறக்கும்போதே என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. 'அந்த ஸ்கூட்டர் சாவியை நான்...' என்று இழுத்துக்கொண்டே போய், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'தொலைச்சிட்டேன்' என்பதைத் 'தேடிக்கிட்டிருக்கேன்' என்று முடித்துக்கொள்ளலாம். எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றிய ஏற்பாடு. வினை கடைசிக்கே திரும்பிப் போனது.

தமிழில் இல்லாதது ஏதாவது ஒன்றாவது வேண்டும் என்று அலைந்ததில் துருக்கி மொழியின் ஒரு விகுதி கிடைத்தது. நடந்ததை நேரில் பார்க்காமல், பிறர் சொல்லக் கேட்டோ ஊகித்தோ சொன்னால் வினையோடு 'மிஷ்' சேர்ப்பார்கள். தென்னமெரிக்காவின் கெச்சுவாவிலும் இதற்கென்று தனி ஒட்டுகள் உண்டு. உடனே என் மொழிக்கும் இரண்டு விகுதி செய்தேன்: கண்ணால் கண்டதற்கு 'பா', காதால் கேட்டதற்கு 'மூ'. நண்பருக்கு ஃபோன் போட்டுப் பெருமையாக விளக்கினேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வந்தானாம்... போனானாம்... தந்தானாம்..." என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது புணர்ச்சி. எனவே என் மொழியின் முதல் சட்டமே புணர்ச்சி கூடாது என்பதுதான். சொல்லும் உருபும் பக்கத்தில் நிற்கலாம், ஒன்றையொன்று தொடக் கூடாது. லெம் என்றால் வீடு, தோ என்பது இடப்பொருள் உருபு. வீட்டில் என்பது லெம்தோ. தினமும் சொல்லிப் பழகினேன். போகப்போக வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது லெந்தோ. திருத்திச் சொன்னால் நடுவில் தடுக்கியது. மகரத்துக்கு உதட்டை மூடித் திறந்து, அடுத்த கணமே நாக்கு பல்லுக்கு ஓட வேண்டும். அந்த அலைச்சல் பிடிக்காமல், நாக்கு முதலிலேயே பல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. சரி, இதையே விதியாக்கிவிடலாம் என்று 'மகர ஈறு, தகரம் வந்தால் நகரமாகத் திரியும்' என்று எழுதிவிட்டுப் பார்க்கிறேன்: மகரம் வல்லினத்துக்கு இனமாகத் திரிவது பற்றிப் பவணந்தி நன்னூலில் எப்போதோ எழுதிவைத்தது. அவரால் மதிப்பெண் இழந்தவன் இப்போது அவருக்குக் கோனார் நோட்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

சொற்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மழைக்கு வகைவகையாக வைத்திருக்கிறேன், கரண்டிக்கு இல்லை. அந்தி நேரத்துத் தனிமைக்குச் சொல் உண்டு. 'போதும்' என்பதற்கு இல்லை. எழுத்தாளர் டோல்கீன்கூடத் தன் கதைகளின் எல்ஃப் மொழிகளை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டேதான் இருந்தார் என்று தேற்றிக்கொள்வேன். இந்தப் பழக்கம் பற்றி 1931இல் அவர் ஆற்றிய உரை பிற்பாடு 'ஒரு ரகசியத் தீயபழக்கம்' என்று பொருள்படும் தலைப்பில் அச்சானது. வோலாபுக் மொழியை உருவாக்கிய ஷ்லையர் பாதிரியாரின் கதை வேறு. 1889 பாரிஸ் மாநாட்டை அந்த மொழியிலேயே நடத்துமளவுக்கு ஆள் சேர்ந்தது. இலக்கணத்தைத் திருத்தலாம் என்று அவர்கள் கேட்க, கடைசி வார்த்தை என்னுடையதுதான் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, இயக்கம் உடைந்தது. எனக்கு அந்த ஆபத்து இல்லை. பிளவுபட ஆள் வேண்டுமே.

எங்கள் வீட்டில் இன்னொரு செயற்கை மொழியும் புழங்குகிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும் அவள் தோழியும் பேசும் க பாஷை. எழுத்துக்கு எழுத்து முன்னால் ஒரு க: 'கநான் கவகரேன்.' விதி அவ்வளவுதான், நோட்டு கிடையாது. நான் ஒரு சொல்லைப் பிரித்து முடிப்பதற்குள் நாலு வாக்கியம் தாண்டியிருப்பார்கள், நடுவில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பொறாமை தாங்காமல், என் மொழியையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளேன் என்று மகளிடம் கெஞ்சினேன். நோட்டை வேண்டாவெறுப்பாகப் புரட்டினாள். பிலா வேண்டாமாம், உச்சுக்கொட்டுவது கண்டிப்பாக வேண்டாமாம். வினைவிகுதிப் பக்கத்தில் மட்டும் நின்றாள்.

"இந்த மூ எப்பப்பா போடணும்?"

"நீ கண்ணால பார்க்கல, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்னா, அப்போ."

தலையாட்டிக்கொண்டாள். தெல் என்றால் முடி என்பதையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் சாயங்காலம், வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெல்மூ" என்றாள்.

இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.