பழைய குக்கரின் மகிமை

ஆஸ்திரேலியாவில் குடியேறும் கிருகஸ்தன், கப்பலில் தனியே வந்து சேரும் தன் தட்டுமுட்டுச் சாமான்களுக்குத் தீர்வை விலக்குக் கோருவானாயின், அவற்றை 12 மாதங்களேனும் சொந்தமாக வைத்து உபயோகித்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுங்க விதி. ஆகவே, நேற்று வாங்கிய பளபளப்பான குக்கரைக் காட்டிலும், பிடி ஆடி, அடி கறுத்து, பழைய பாத்திரக்காரனும் முகம் சுளித்த குக்கரே அங்கே விசேஷ மரியாதைக்குப் பாத்திரமாகிறது. பழமையிடம் காட்டும் இந்த வாத்சல்யம் அழுக்கினிடம் சிறிதும் கிடையாது: செருப்படியில் ஒட்டிய ஒரு சிட்டிகைச் செம்மண்ணையும், அம்மியின் பொளிவில் தங்கிய ஒற்றைக் கொத்தமல்லி விதையையும், தேசத்துப் பயிர்களைச் சர்வநாசம் செய்யவந்த சத்துருக்களாகவே உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் பாவிக்கிறார்கள். ஆதலால் வாசகரே, அம்மியைத் தேய்த்துக் கழுவி எடுத்துச் செல்லுங்கள். தென்னந்துடைப்பத்தை மட்டும் அண்டைவீட்டாருக்குத் தானம் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.